தோடி எங்கே போயிற்று? மாட்டுங்கா வீடு ஒன்றின் இசைச் சேமிப்பு: நிகழ்வு ஆய்வு

பெரியப்பா கைப்பேசியில் ஒற்றை விரலால் 'தோடி' என்று ராகத்தின் பெயரை எழுதித் தேடினார். எதுவும் இல்லை என்று வந்தது. 'மோகனம்' என்று எழுதினார், அதே பதில். 'காம்போதி', அதே பதில். 'கல்யாணி' என்றதும் 41 பாடல்கள் வரிசையாக வந்து நின்றன. 'பைரவி' வந்தது. 'சங்கரா' என்று பாதி எழுதும்போதே சங்கராபரணமும் வந்தது, ஆனால் சிலவற்றில் கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை.

"தோடி இல்லாத வீடாகிவிட்டதா இது?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நான்கு மாத உழைப்பையே கவிழ்த்து வைத்ததுபோல் எனக்கு நெஞ்சு அடைத்தது.

இது நடந்தது 2023 ஜூன் மாதம், மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் வீட்டில். பெரியப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 1978இல் முதல் டேப் ரெக்கார்டர் வாங்கிய நாளிலிருந்து சேர்த்து வைத்த இசை அது. 312 கேசட்டுகள், 190 சிடிக்கள், உறவினர்கள் பென் டிரைவில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன ஏறத்தாழ 11,000 எம்பி3 கோப்புகள். கேசட்டுகளில் பாதிக்கு மேல் கடையில் வாங்கியவை அல்ல. நவராத்திரியிலும் ராம நவமியிலும் தெரிந்தவர் வீடுகளில் நடந்த கச்சேரிகள், 1952இல் தொடங்கி ஆகாசவாணி சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பிய தேசிய இசை நிகழ்ச்சியிலிருந்து பதிந்தவை, சென்னை மார்கழிக் கச்சேரிகளின் நண்பர் கைப் பிரதிகள். இவற்றுக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது. சந்தா கட்டிக் கேட்கும் எந்தச் செயலியிலும் இவை வரப்போவதில்லை. அதனால்தான் வீட்டிலேயே ஒழுங்குபடுத்தியாக வேண்டும் என்ற பேச்சு வந்தது.

இந்தச் சேமிப்புக்கு எந்த மென்பொருள் சரி என்று தேர்ந்தெடுக்க எங்களுக்கு 14 மாதம் ஆனது. தேர்ந்தெடுத்த மென்பொருளின் பெயரைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த 14 மாதம் எதற்கு ஆனது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முன்கதை: பெயர் போன பாட்டுகள்

2013இலிருந்து பெரியப்பா ஒரு மென்பொருளைப் பயன்படுத்திவந்தார். விலை கொடுத்து வாங்கியது. ஒவ்வொரு பாட்டையும் திறந்து, ராகம், தாளம், பாடியவர், பக்கவாத்தியம், எந்த ஊர்க் கச்சேரி, எந்த வருடம் என்று இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவார். ஒன்பது வருட எழுத்து. 2022 மழைக்காலத்தில் கணினியின் ஹார்ட் டிஸ்க் செயலிழந்தது. பாட்டுகள் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. புதுக் கணினியில் அந்த மென்பொருளை நிறுவித் திறந்தோம். பாட்டுகள் அத்தனையும் இருந்தன, பெயர்கள்தான் இல்லை. 'ட்ராக் 01', 'ட்ராக் 02', 'பக்கம் பி புதிய'.

காரணம் எளியது. பெரியப்பா எழுதிய விவரமெல்லாம் மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில், செத்துப்போன டிஸ்க்கில் இருந்தது. பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுது என்று சொல்ல அமைப்புகளின் ஆழத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் ஒன்பது வருடம் எழுதுவதை அவருடைய பாட்டோடு சேர்த்து வைக்காமல் தனியே வைப்பதை இயல்புநிலையாக வைத்திருந்தது பெருந்தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதல் விதி அங்கேயே முடிவாகிவிட்டது. விவரம் பாட்டுக் கோப்புக்குள் இருக்க வேண்டும். மென்பொருள் நாளை மறைந்தாலும், நிறுவனம் மூடிவிட்டாலும், கோப்பைத் திறக்கும் எதுவும் 'இது தோடி' என்று சொல்ல வேண்டும்.

கோப்புக்குள் எழுதும் அந்தக் குறிப்பைத்தான் டேக் என்கிறார்கள். அது எப்படி வளர்ந்தது என்று தெரியாமல் நம் இசையை அதில் வைக்க முடியாது என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டில் விவரம் எழுதும் ஐடி3 முறை 1996இல் வந்தது. பாட்டின் பெயருக்கு 30 பைட்டு, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30. இசை வகைக்கு ஒரே ஒரு பைட்டு, அதில் 80 வகைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போல்கா நடனத்துக்கு 75ஆம் எண் இருந்தது. கர்நாடக இசைக்கு எண்ணே இல்லை.

புள்ளி போன சங்கராபரணத்துக்கும் விடை அங்கேதான் இருந்தது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு வேண்டும். சங்கராபரணம் என்று எழுத ச, ங, புள்ளி, க, ர, கால், ப, ர, ண, ம, புள்ளி என 11 குறிகள், ஆக 33 பைட்டு. அந்தப் பழைய 30 பைட்டுப் பெட்டியில் போட்டு மூடினால் கடைசிப் புள்ளி வெளியே நின்றுவிடும். யாரோ ஒருவர் பழைய கருவியில் எழுதிக் கொடுத்த கோப்புகள் அவை. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கி வைக்கும் ஃப்ளாக் கோப்புகளின் டேக் முறை இன்னும் தாராளம். புலத்தின், அதாவது ஒரு விவரம் எழுதும் கட்டத்தின், பெயரை ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை புலம் வேண்டுமானாலும் நாமே உண்டாக்கலாம், உள்ளே எந்த மொழியிலும் எழுதலாம். ராகத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, சுருதிக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று.

என்ன கேட்கிறார்கள் என்று எழுதி வைத்தோம்

மென்பொருள்களை ஒப்பிடும் முன் ஒரு வேலை செய்தோம். ரேடியோ மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, மூன்று வாரம், வீட்டில் யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் கேட்ட சொற்களிலேயே எழுதினோம்.

பெரியப்பா: "ஒரு நல்ல விஸ்தாரமான காம்போதி." "பாலக்காட்டு மணி ஐயர் வாசித்த கச்சேரி எதுவாயினும்." "மழை பெய்கிறது, அமிர்தவர்ஷிணி இருக்கிறதா பார்." பெரியம்மா: "வெள்ளிக்கிழமைக்கு உள்ளது." "மார்கழி பிறந்துவிட்டால் திருப்பாவை தினம் ஒன்று, வரிசை மாறாமல்." அண்ணி: படத்தின் பெயர், இல்லாவிட்டால் இசையமைப்பாளரின் பெயர். "இளையராஜா போடு, எண்பதுகளில் உள்ளது."

மூன்று வாரத்தில் ஒருவர்கூட 'இந்த ஆல்பத்தைப் போடு' என்று கேட்கவில்லை. ஆனால் நான் திறந்து பார்த்த ஏறத்தாழ எல்லா மென்பொருளும் முதல் திரையில் காட்டியது ஆல்பங்களின் அட்டைப் படங்களைத்தான். கேசட்டுக்கு அட்டைப் படம் ஏது? பெரியப்பாவின் கேசட் பெட்டிக்குள் இருந்தவை கச்சேரி அழைப்பிதழ்கள், சண்முகானந்தா அரங்கின் டிக்கெட் துண்டுகள், நீல மையில் எழுதிய பட்டியல்கள். அந்தத் துண்டுகளிலிருந்துதான் பல பதிவுகளின் தேதியையே கண்டுபிடித்தோம்.

அந்த நோட்டுப் புத்தகம்தான் இந்த ஆய்வின் நடு. மென்பொருளின் சிறப்பம்சப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. வீட்டின் கேள்விகளை வைத்துக்கொண்டு எந்த மென்பொருள் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இசையைச் சேர்த்து வைத்திருக்கும் எல்லோரிடமும் இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

கொம்பும் காலும்

தோடி விஷயத்துக்கு வருகிறேன். இழந்த விவரத்தை மீட்கும்போது எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய பிரதி. 2017இல் உறவினர் ஒருவர் தம் கணினிக்குச் சில ஆயிரம் பாட்டுகளைப் படியெடுத்து, கோப்பின் பெயராகவே ராகத்தையும் கீர்த்தனையின் தொடக்கத்தையும் தமிழில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கோப்புப் பெயர்களை எடுத்து டேக்காக மாற்றும் வசதி எம்பி3டேக் மென்பொருளில் உண்டு. ஒரே இரவில் 3,800 கோப்புகளுக்கு ராகம் ஏறிவிட்டது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தேடினால் மட்டும் தோடி வரவில்லை.

நான் இரண்டு நாள் கணினியைக் குடைந்தேன். கண்டுபிடித்தது பெரியம்மா. முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். வந்த ராகங்களை ஒரு பக்கமும் வராதவற்றை மறுபக்கமும் எழுதச் சொன்னார். வராதவை: தோடி, மோகனம், காம்போதி, ஹிந்தோளம், ஆபோகி. வந்தவை: கல்யாணி, பைரவி, கேதாரம், ஆபேரி, சாவேரி.

"ஆபோகி வரவில்லை, ஆபேரி வருகிறது. கேதாரத்தில் கொம்பு மட்டும் இருக்கிறது, வருகிறது. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்து எதில் இருக்கிறதோ அது மட்டும்தான் வரவில்லை. போய் அதைப் பார்" என்றார்.

பார்த்தேன். யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் இணைந்த ஒரே குறியாக ஒரு விதம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று எனத் தனித்தனி இரண்டு குறிகளாக இன்னொரு விதம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, அச்சிலும் ஒன்றே. ஆனால் பைட்டுகள் வேறு. சில கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களை எப்போதும் பிரித்தே சேமிக்கும். உறவினரின் கணினி அந்த வகை. அங்கிருந்து வந்த தோடி, பிரிந்த தோடி. பெரியப்பா கைப்பேசியில் எழுதியது இணைந்த தோடி. பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள்.

யூனிகோடு இந்தச் சிக்கலை அறிந்தே வைத்திருக்கிறது. பிரிந்த வடிவத்தை இணைந்த வடிவமாக்கும் முறையும் வகுத்திருக்கிறது. டேக்குகளைக் கையாளும் மியூட்டஜென் என்ற நிரல் தொகுப்பை வைத்துப் பைத்தான் நிரல்மொழியில் 20 வரி எழுதி, எல்லா டேக்கையும் இணைந்த வடிவத்துக்கு மாற்றினேன். ஓட்டி முடிக்க ஆறு நிமிடம் ஆனது. பெரியப்பா மறுபடி 'தோடி' என்று எழுதினார். 63 பாடல்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதலாவதைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்திருப்பவர்கள் மென்பொருளை மாற்றும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஆபேரியையும் ஆபோகியையும் தேடிப் பாருங்கள்.

சோதனைத் தட்டு

அதன் பிறகு 60 கோப்புகள் கொண்ட ஒரு சோதனைத் தொகுப்பைச் செய்தேன். வேண்டுமென்றே வம்பு பிடித்தவற்றை மட்டும் பொறுக்கினேன். திருப்பாவை முப்பதும் அதில் இருந்தன. எண்ணுக்கு முன் பூஜ்யம் போடாவிட்டால் சில செயலிகள் 1, 10, 11 என்று போய்ப் பிறகு 2க்கு வரும். மார்கழி இரண்டாம் நாள் பத்தாம் பாசுரம் ஒலித்தால் பெரியம்மா அந்தச் செயலியை மறுபடி தொடமாட்டார். சிடியில் நான்கு துண்டுகளாக வெட்டப்பட்ட, ஒரே தொடராகப் பாடும் ஒரு ராகம் தானம் பல்லவி இருந்தது. தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும்போது அரை வினாடி மௌனம் விழுந்தாலும் காதில் குத்தும். எம்பி3 கோப்பின் இரு முனைகளிலும் சிறு மௌனம் சேர்வது அந்த முறையின் இயல்பு, பாட்டை ஒலிக்கும் சில மென்பொருள்கள் அதைக் கணக்கிட்டு நீக்கும், சில நீக்காது. ஃப்ளாக்கில் இந்தத் தொல்லை இல்லை.

பத்துப் பாட்டுக்குப் பத்துப் பாடகர்கள் இருக்கும் ஒரு திரைப்படத் தொகுப்பும் இருந்தது. 'ஆர்ட்டிஸ்ட்' என்ற புலத்தில் பாடகர் பெயர் மட்டும் இருந்தால், பல மென்பொருள்கள் ஒரே படத்தைப் பத்து ஆல்பங்களாக உடைத்துவிடும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற தனிப் புலத்தில் இசையமைப்பாளரின் பெயரைப் போட்டதும் அவை ஒன்றுசேர்ந்தன. அண்ணி கேட்கும் விதத்துக்கும் அதுவே பொருந்தியது. திரைப்பாடல் பகுதி இப்படி ஒரே வாரத்தில் முடிந்தது. அதில் சொல்ல வேறொன்றுமில்லை.

இந்தத் தட்டில் வைத்துப் பார்த்த மென்பொருள்கள் பல. ஃபூபார்2000 என்னை மயக்கியது. 2002இலிருந்து இருக்கிறது, இலவசம், எந்த டேக்கையும் கேள்வியாக மாற்றலாம். தோடியில், ஆதி தாளத்தில், இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளவை என்று கேட்டால் கொடுக்கும். ஆனால் திரையை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அது எனக்குச் சரி, பெரியப்பாவுக்குச் சரியில்லை. மியூசிக்பீ விண்டோஸ் கணினியில் அழகாக இருந்தது, கூடுதல் புலங்களையும் ஏற்றது. ஆனால் இந்த வீட்டில் யாரும் கணினி முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை. சமையலறையில், ஊஞ்சலில், மாடத்தில் என்று கைப்பேசியோடுதான் கேட்கிறார்கள். ஜெல்லிஃபின் படங்களையும் தொடர்களையும் முதன்மையாக வைத்தது, எங்களுக்கு அது அதிகம். பீட்ஸ் என்பது கட்டளை வரியில் இயங்குவது. கண்டிப்பான ஒழுங்கு கொண்டது. ஆனால் அதன் பலம் பதிப்பிக்கப்பட்ட ஆல்பங்களைப் பொதுத் தரவுத்தளத்தோடு பொருத்துவது.

தானாகவே பெயர் கண்டுபிடிக்கும் வசதியைப் பற்றிப் பலரும் கேட்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். மியூசிக்பிரெயின்ஸ் என்பது உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து நிரப்பும் இசைத் தரவுத்தளம். அதில் ஒரு படைப்புக்கு ராகம், தாளம் எழுதவே இடம் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் காம்ப்மியூசிக் என்ற ஆய்வுத் திட்டம் கர்நாடக இசையையும் எடுத்துக்கொண்டு உழைத்திருக்கிறது. பிக்கார்ட் என்ற மென்பொருள் அந்தத் தரவுத்தளத்திலிருந்து விவரத்தை எடுத்துக் கோப்பில் எழுதும். பெயரே இல்லாத கோப்பானால் அக்கூஸ்ட்ஐடி முறையில் ஒலியின் கைரேகையை எடுத்துப் பொருத்திப் பார்க்கும். எங்கள் 190 சிடிக்களில் நல்ல பங்கு இப்படியே பெயர் பெற்றது. கேசட்டுகளில் ஒன்றுகூடப் பெறவில்லை. பெறவும் முடியாது. அந்தக் கைரேகை ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு உரியது, கீர்த்தனைக்கு உரியதன்று. அதே பாடகர் அதே கீர்த்தனையை அடுத்த நாள் பாடினாலும் கைரேகை வேறு. மாட்டுங்காவில் ஒரு கூடத்தில் நாற்பது பேர் கேட்ட கச்சேரியின் கைரேகை எந்தத் தரவுத்தளத்தில் இருக்கும்?

அங்கே மென்பொருளின் எல்லை முடிந்து பெரியப்பாவின் காது தொடங்குகிறது.

தேர்வும் ஒரு வாக்குவாதமும்

முடிவில் ஒரே மென்பொருளைத் தேடுவதை நிறுத்தினோம். எழுத ஒன்று, கேட்க ஒன்று என்று பிரித்தோம். சிடிக்கு முதலில் பிக்கார்ட். மற்ற எல்லா எழுத்துக்கும் எம்பி3டேக், ஏனென்றால் அட்டவணைபோல் வரிசையாகப் பார்த்து எழுதலாம், எழுதுவது நேரே கோப்புக்குள் போகிறது. கேட்பதற்கு, வீட்டுக் கணினியில் இருக்கும் பாட்டைக் கைப்பேசிகளுக்கு அனுப்பும் நேவிட்ரோம். அது கட்டற்ற மென்பொருள், வீட்டில் ஒரு சிறு ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடுகிறது, பல இசைச் செயலிகளுக்குப் பொதுவான சப்சோனிக் நெறிமுறையைப் பேசுவதால் கைப்பேசியில் பல செயலிகளிலிருந்து விருப்பப்பட்டதைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பாட்டுக் கோப்புகளைப் படிக்குமே தவிர அவற்றில் எதையும் எழுதாது. ஒன்பது வருட எழுத்தைப் பறிகொடுத்த வீட்டுக்கு அந்தக் குணம் பெரிது.

ராகத்தைத் தனிப் புலத்தில் எழுதிவிட்டோம். ஆனால் கைப்பேசிச் செயலிகள் எல்லாம் தனிப் புலங்களைக் காட்டுவதில்லை. அவை தவறாமல் காட்டுவது 'ஜானர்' எனப்படும் இசை வகையை. ஆகவே ராகத்தை அந்தப் புலத்திலும் எழுதினோம். அந்தப் புலம் இதற்காக உண்டாக்கப்பட்டதில்லை என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இசை வகை என்றால் ராகம்தான். பெரியப்பா இப்போது அந்தப் பட்டியலைத் திறந்தால் அடாணா, அமிர்தவர்ஷிணி, ஆபேரி, ஆபோகி என்று அவருக்குத் தெரிந்த உலகம் வரிசையாக நிற்கிறது.

ராகமாலிகையில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒரு விருத்தத்தில் ஐந்து ராகம் வந்தால் ஐந்தையும் இசை வகையில் எழுதலாம், மென்பொருள் பல மதிப்புகளை ஏற்கும் என்றேன். எழுதியும் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா அழைத்தார். "மோகனம் கேட்டேன். இரண்டு நிமிட மோகனம் வந்து உடனே வேறு ராகத்துக்குப் போய்விட்டது. மோகனம் கேட்பவனுக்கு இது மோகனம் ஆகாது." அவர் சொன்னதே சரி. இசை வகையில் 'ராகமாலிகை' என்று மட்டும் வைத்து, ஐந்து ராகங்களையும் தனிப் புலத்துக்கு மாற்றினோம்.

மும்பை வீடு என்பதால் ஹிந்துஸ்தானி சங்கீதமும் இருந்தது. அங்கே பெயர்கள் காலை வாரும். ஹிந்துஸ்தானி தோடி நம் தோடி அன்று, அதன் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளிக்கு அருகில். நம் தோடியின் ஸ்வரங்களைக் கொண்டது அவர்களுடைய பைரவி. நம் பைரவியோ வேறு. யாரோ கொடுத்த கோப்புகளில் எல்லாம் 'தோடி', எல்லாம் 'பைரவி' என்று கலந்து கிடந்தன. 'ஹிந்துஸ்தானி தோடி', 'ஹிந்துஸ்தானி பைரவி' என்று முன்னொட்டுப் போட்டுப் பிரித்தோம். மால்கௌன்ஸும் ஹிந்தோளமும் ஒரே ஸ்வரங்கள் என்றாலும் அவற்றைச் சேர்க்கவில்லை. கேட்பவர் கேட்கும் பெயரில்தான் கிடைக்க வேண்டும்.

அரைக் கட்டை

டேக் எழுதுவதில் சுருதிக்கு ஒரு புலம் எதற்கு என்று நானே முதலில் நினைத்தேன். 1983 என்று பெட்டியில் எழுதியிருந்த ஒரு கேசட் எனக்குப் புரியவைத்தது.

கேசட்டை எடுத்துப் பார்த்தபோது டேப்பின் விளிம்பில் வெண்மையாகப் பூஞ்சை. நான்கு மாத மழையில் மும்பையில் இது வழக்கம். அப்படியே ஓட்டினால் கேசட் ஓட்டும் டெக்கின் ஹெட்டில் அப்பி அடுத்த கேசட்டுக்கும் தாவும். பூஞ்சை பிடித்த 47 கேசட்டுகளையும் முதலில் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாக்களில் வைத்திருந்தோம். லாமிங்டன் ரோட்டில் பெல்ட் மாற்றி வாங்கி வந்த டெக்கில், சுத்தம் செய்த பிறகே இதை ஓட்டினேன். ஆலாபனை தொடங்கியது. பெரியப்பா தலையை ஆட்டவில்லை.

"இவருக்கு ஒரு கட்டை. இது ஒன்றரையில் இருக்கிறது. குரலும் இளைத்துக் கேட்கிறது."

கட்டை என்பது சுருதியின் அளவு. அரைக் கட்டை ஏறியிருந்தால் ஓட்டம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். என் டெக் வேகமாக ஓடுகிறதா, அல்லது 1983இல் பதிந்த ரெக்கார்டர் மெதுவாக ஓடியதா? நேரத்தைப் பார்த்தோம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். டெக் வேகமாக இருந்தால் 42 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். முழுதாக 45 ஆனது. ஆகவே டெக் சரி, அன்றைக்குப் பதிந்த ரெக்கார்டர்தான் தளர்ந்து ஓடியிருக்கிறது. பெரியப்பாவுக்கு உடனே நினைவு வந்தது. "அன்று மின்சாரம் போய்விட்டது. பாட்டரியில் பதிந்தேன்."

பதிவை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியின் வேகத்தை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் குறைத்தோம். சுருதி ஒரு கட்டையில் வந்து நின்றது. குரல் கனத்தது. குறிப்புப் புலத்தில் 'பாட்டரியில் பதிந்தது, வேகம் திருத்தப்பட்டது' என்று எழுதினோம். அன்றிலிருந்து சுருதிப் புலம் காலியாக இருக்கும் கேசட் பதிவு எதையும் முடிந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்றைய நிலை

செலவு, சிறு கணினி, இரண்டு டிஸ்க்குகள், டெக் பழுது எல்லாம் சேர்த்து சுமார் 19,000 ரூபாய். மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் இல்லை. நேரச் செலவுதான் பெரிது. 90 நிமிடக் கேசட்டைக் கணினிக்குக் கொண்டுவர 90 நிமிடம் ஆகும், அதில் குறுக்கு வழி கிடையாது.

கேசட் பதிவுகளையும் சிடிக்களையும் ஃப்ளாக்காக வைத்திருக்கிறோம். ஃப்ளாக் கோப்பு தன் ஒலியின் சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். டேக்கை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் மாறாது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்து, ஒரு டிஸ்க்கை முலுண்டில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்துப் போய், அங்கிருப்பதை இங்கே கொண்டுவருகிறேன். ஓடும் லோக்கலில் அந்தப் பையை மடியிலிருந்து இறக்குவதில்லை. பொதுவில் ஏற்றச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மேடையில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் அதில் உரிமை இருக்கிறது என்று பெரியப்பா மறுத்துவிட்டார். கேட்க விரும்புகிறவர் வீட்டுக்கு வரலாம், காபியும் உண்டு.

ராகம் உறுதியாகத் தெரியாத பதிவுகளில் ஊகித்து எதையும் எழுதுவதில்லை. இசை வகையில் 'தெரியவில்லை' என்று போடுகிறோம். கைப்பேசியில் அதுவும் ஒரு பட்டியலாக வருகிறது. தொடக்கத்தில் அதில் 412 பதிவுகள். பெரியப்பா காலையில் காபிக்குப் பின் அந்தப் பட்டியலைத் திறந்து ஒன்றைக் கேட்பார். தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பார், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து ஏற்றுவேன். போன ஞாயிறு ஏழு சீட்டுகள் இருந்தன. ஆறில் ராகப் பெயர். ஏழாவதில், 'பாடுகிறவர் யார் என்று தெரிந்துவிட்டது, ராகம் இன்னும் தெரியவில்லை, அழிக்காதே' என்று நீல மையில் எழுதியிருந்தார். பட்டியலில் இன்னும் 288 இருக்கின்றன.